மடிகே என்றால் என்ன? நம்மூர் வரலாற்றை எழுதுவது யார்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

உடதலவின்ன மடிகே என்ற பெயரை நாம் அடிக்கடி சொல்கிறோம். கல்யாண அழைப்பிதழிலும் அது இருக்கிறது, ஜனாஸா அறிவித்தலிலும் இருக்கிறது. மடிகே என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

கண்டி இராச்சியத்தில் 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. இன்றைய வார்த்தையில் சொன்னால் அரசனின் போக்குவரத்துத் திணைக்களம். மலைநாட்டுக்கு வண்டிப் பாதை இல்லாத காலம். மாடுகளின் முதுகில் பொதியேற்றி வரிசையாக ஓட்டிப் போவார்கள். அதற்குத் தவளம் என்று பெயர். கரையோரத்து உப்பும் கருவாடும் மேலே ஏறும். இங்குள்ள பாக்கும் மற்ற விளைபொருட்களும் கீழே இறங்கும். அந்தத் தொழிலில் முஸ்லிம்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. அரசனுக்குச் செய்த சேவைக்காகக் காணி பெற்றுக் குடியிருந்தவர்களும் உண்டு. மடிகே என்று முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளம்.

நம்முடைய குண்டசாலைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்க மன்னன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தான். அதனால் குண்டசாலை மன்னன் என்றே மக்கள் அவனை அழைத்தார்கள்.

இவை வாய்வழிக் கதைகள் மட்டுமல்ல. கண்டி இராச்சியத்தின் நிருவாக அமைப்பைப் பற்றி ஜோன் டொய்லி எழுதிய குறிப்புகளில் மடிகே வருகிறது. வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலிலும் வருகிறது. கண்டியில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஆர்ச்சிபோல்ட் லோரி, மத்திய மாகாணத்து ஊர்களை அகரவரிசையில் தொகுத்து 1896இலும் 1898இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில், நூலக அலுமாரிக்குள் இருக்கின்றன. நமது பிள்ளைக்கு 'எனது ஊர்' என்று ஒரு செயற்றிட்டம் கொடுத்தால் அது அலுமாரியைத் திறப்பதில்லை. கையடக்கத் தொலைபேசியைத்தான் திறக்கிறது. அங்கே யாரோ எழுதியது இருந்தால் அதை எழுதிக்கொண்டு வருகிறது. ஒன்றும் இல்லாவிட்டால், நமக்கு வரலாறே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது.

அந்த 'யாரோ' யார் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். அதற்கு நம் பக்கத்து ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருந்தார்.

*

மர்ஹூம் பீ. எம். புன்னியாமீன் அவர்களை நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1960இல் உடதலவின்ன மடிகேயில் பிறந்தவர். சிறுகதை, நாவல், கவிதை, அரசறிவியல் பாடநூல், புலமைப்பரிசில் வழிகாட்டி என்று நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியவர். 'சிந்தனை வட்டம்' என்ற பெயரில் ஊரில் இருந்துகொண்டே ஒரு பதிப்பகத்தை நடத்தினார். கொழும்பில் பெரிய அச்சகம் வைத்திருப்பவர்களுக்கே சிரமமான தொழில் அது.

கதை எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அவர் செய்த வேறொரு வேலையை நாம் அதிகம் பேசுவதில்லை. 'இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் விபரத்திரட்டு' என்று பல தொகுதிகளை அவர் தொகுத்தார். முதலில் முஸ்லிம் எழுத்தாளர்களின் விபரங்களைத் திரட்டினார். பிறகு தமிழ் எழுத்தாளர்களையும் சேர்த்து விரித்தார். பெரிய பெயர்கள் மட்டும் அதில் இல்லை. ஒரு பத்திரிகையின் மூலையில் பத்துக் கவிதை எழுதிவிட்டு மறக்கப்பட்டவரும் இருக்கிறார். பிறந்த திகதி, ஊர், படித்த பாடசாலை, முதல் ஆக்கம் எந்த இதழில் எப்போது வந்தது, வெளியான நூல்கள் எவை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. இது கைதட்டல் கிடைக்கும் வேலை அல்ல. ஆனால் பத்து வருடம் கழித்து ஒரு ஆய்வு மாணவர் தேடி வரும்போது கைகொடுப்பது இந்த மாதிரி வேலைதான்.

பிறகு அவர் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வந்தார். பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, கணினியில் தட்டச்சு செய்து, எழுத்தாளர்களைப் பற்றியும் இலங்கை அரசியல் பற்றியும் கட்டுரைகளைச் சேர்த்தார். இத்தனை நூல்களுக்கு ஆசிரியரான ஒருவர், யார் வேண்டுமானாலும் தன் வசனத்தைத் திருத்தக்கூடிய ஓர் இடத்தில், கட்டுரைக்கு மேலே தன் பெயர்கூட இல்லாமல் எழுதினார். 2016 மார்ச்சில் காலமாகும்வரை எழுத்தைவிட்டு அவர் விலகவில்லை. அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.

அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் தேடிச் சேர்த்தார். அடுத்து அதை அச்சில் வெளியிட்டு ஆதாரமாக்கினார். அதற்குப் பிறகு பொதுவெளியில் எல்லோருக்குமாக எழுதினார். இந்த மூன்று படிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

*

நமது வரலாற்றை நாம் எழுதாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் மதத்தால் வேறுபட்டாலும் இனத்தால் தமிழரே என்பது அதன் சாரம். சட்டசபைப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலம் என்பதால் அதற்கு அரசியல் கனம் இருந்தது. நமது மூத்தோர் வருத்தப்பட்டார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் நின்று நிலைத்தது கோபம் அல்ல. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அந்தக் கட்டுரையை எடுத்து, வாதம் வாதமாகப் பதில் சொல்லி ஒரு நூல் வெளியிட்டார். இன்றைக்கும் இந்த விஷயத்தை ஆராய்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வாசிக்கிறார்கள்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் இதை எடுக்கவில்லை. கட்டுரைக்கும் நூலாக வந்த பதிலுக்கும் இடையில் 19 வருடங்கள் என்பதைக் கவனியுங்கள். எழுதுவதற்கு ஒரு களமும் அச்சகமும் பணமும் தேவைப்பட்ட காலம் அது. கண்டியில் பிறந்த நமது அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதன் பெறுமதி இங்கேதான் விளங்குகிறது. சமூகத்துக்கு முதலில் எழுதுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

கலைக்களஞ்சியம் எழுதுவதும் தமிழுக்குப் புதிதல்ல. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் 'அபிதான கோசம்' வெளியிட்டார். தமிழில் இந்த வகையில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. பிறகு பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் 'கலைக்களஞ்சியம்' வெளியிட்டது. எல்லாம் பெரும் உழைப்பு. ஆனால் அச்சான பிறகு அதில் ஒரு பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை அது பிழையாகவே இருக்கும். நம்மைப் போன்ற சிறிய ஊர்களுக்கு அதில் இடம் கிடைப்பதும் அரிது.

*

1995இல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர் ஒரு புதுவகை இணையத்தளம் அமைத்தார். வாசிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார். அதே முறையில் 2001 ஜனவரி 15ஆம் திகதி ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் விக்கிப்பீடியாவைத் தொடங்கினார்கள்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டெம்பரில் பிறந்தது. பெயருக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. அந்த நவம்பரில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த, ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதைக் கண்டார். தளத்தின் சொற்களைத் தமிழாக்கினார், கட்டுரை எழுதத் தொடங்கினார். ஆரம்பத்தில் பெரும்பாலும் தனியாளாகவே எழுதினார். வேலை முடிந்து வந்து, மாதக்கணக்காக, வருடக்கணக்காக எழுதினார். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தொடங்கிய அவருக்குக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதே மாதத்தில் தமிழ்நாட்டில் பாடசாலை ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பயிற்சி கொடுக்கப்பட்டது. கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட நாம் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இலங்கையில் இதற்குச் சமாந்தரமாக 2005இல் 'நூலகம்' திட்டம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை நாம் அறிவோம். ஒரு பிரதியை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பாடம் தேவையில்லை. நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மலர்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவருக்கு ஆதாரம் தேவைப்படும்போது கதவைத் தட்டக்கூடிய முதல் இடம் அது.

*

சரி, யாரும் திருத்தலாம் என்றால் பொய்யையும் எழுதலாம்தானே? நியாயமான கேள்வி.

எழுதலாம். 2005இல் ஜோன் சீகன்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்தி யாரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவிட்டார்கள். நான்கு மாதமளவு அது அப்படியே கிடந்தது. அவர் அதைப் பகிரங்கமாக எழுதிய பிறகு விதிகள் இறுகின. கணக்கு இல்லாதவர் ஆங்கிலத்தில் புதிய கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது.

பொய் வராது என்று விக்கி உத்தரவாதம் தருவதில்லை. வந்த பொய்யைக் கண்டுபிடித்துத் திருத்த வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'வரலாறு' என்றொரு பகுதி உண்டு. எந்தக் கணக்கு, எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை மாற்றியது என்பது அதில் இருக்கும். ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். பக்கத்திலேயே 'உரையாடல்' பக்கம் இருக்கும். கருத்து வேறுபாட்டை அங்கே பேச வேண்டும். முழுத் தளத்துக்குமான பொதுப் பேச்சுக்கு ஓர் இடம் வைத்து அதற்கு 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கிராமத்துப் பஞ்சாயத்து கூடும் இடத்தின் பெயர். புதிதாக வருகிறவர் பிழைவிட்டுப் பழகுவதற்கு 'மணல்தொட்டி' உண்டு.

விதிகள் நிறைய இருந்தாலும் அடிப்படை நான்குதான்.

ஒன்று, ஆதாரம். 'எங்கள் அப்பா சொன்னார்' என்பது வீட்டில் பெறுமதியானது. கட்டுரையில் போட வெளியான நூலோ பத்திரிகையோ வேண்டும். அறிவிப்பாளர் வரிசையைக் கேட்காமல் ஹதீஸை ஏற்காத பாரம்பரியத்தில் வந்த நமக்கு இது புதுமையாகத் தெரியக்கூடாது.

இரண்டு, நடுநிலை. 'மாபெரும் தியாகச் செம்மல்', 'ஒப்பற்ற தலைவர்' போன்ற அடைகள் மேடைக்குரியவை. என்ன செய்தார், எப்போது செய்தார் என்று எழுதினால் போதும், பெருமை தானாக விளங்கும். தன்னைப் பற்றியும், தன் குடும்பத்தைப் பற்றியும், தான் தலைவராக இருக்கும் சங்கத்தைப் பற்றியும் தானே எழுதுவதை விக்கிச் சமூகம் விரும்புவதில்லை.

மூன்று, சொந்த வசனம். தகவல் எல்லோருக்கும் பொதுவானது, ஒருவர் எழுதிய வசனம் அவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஓர் ஆசிரியர் காலமாகி 70 வருடங்கள்வரை அவருடைய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. புன்னியாமீன் அவர்களின் விபரத்திரட்டில் உள்ள தகவலை ஆதாரம் காட்டி எடுக்கலாம். பக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து போடக்கூடாது.

நான்கு, நல்லெண்ணம். நம் வசனத்தை ஒருவர் நீக்கினால் அவரை எதிரி என்று நினைக்காமல், ஏதோ காரணம் இருக்கும் என்று எண்ணி உரையாடல் பக்கத்தில் கேட்பது. நடைமுறையில் நான்கிலும் இதுதான் கஷ்டமானது.

*

ஏன் கஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். கிரந்த எழுத்துகளை எந்தளவுக்குப் பாவிப்பது என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த விவாதம். ஹ, ஸ, ஜ, ஷ வேண்டாம், நல்ல தமிழில் எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுடைய மொழிப்பற்றில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹஸனை அசன் என்றும் ஸஹ்ராவை சகுரா என்றும் எழுதினால் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தன் பெயரே அந்நியமாகிவிடும். பெயர் ஒருவரின் உரிமை. இது நமக்குச் சிறிய விஷயம் அல்ல.

இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நம்மைப் புறக்கணிக்கிறார்கள் என்று முகநூலில் ஒரு பதிவைப் போட்டுவிட்டு வெளியேறுவது. மற்றது, ஆலமரத்தடியில் அமர்ந்து, இலங்கைப் பாடநூல்களில், பத்திரிகைகளில், அந்தந்த ஆசிரியரின் சொந்த நூல் அட்டைகளில் இந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்காட்டுவது. விக்கியில் 'வழிமாற்று' என்று ஒரு வசதியும் உண்டு. முஹம்மத் என்று தேடினாலும் முகம்மது என்று தேடினாலும் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரும்படி செய்யலாம். ஒருவருடைய எழுத்தை அழிக்காமலே இன்னொருவருடைய எழுத்துக்கும் இடம் கொடுக்கும் ஏற்பாடு அது.

சொற்களிலும் இப்படித்தான். நமக்குப் 'பள்ளி' என்றால் தொழுகைக்குப் போகும் இடம், தமிழ்நாட்டாருக்குப் பிள்ளைகள் படிக்கும் இடம். நம் கட்டுரையில் ஒருவர் 'பாடசாலை' என்பதைப் 'பள்ளி' என்று மாற்றினால் அவர் நம்மை அவமதிக்கவில்லை. அவருடைய ஊர்ச் சொல்லைப் போட்டிருக்கிறார். இலங்கை பற்றிய கட்டுரையில் இலங்கை வழக்கு இருக்கட்டும் என்று ஒரு வரி எழுதினால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரியை எழுத நம்மில் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று ஸ்கொட்லாந்துக்காரர்களிடம் கேட்கலாம். ஸ்கொட்ஸ் மொழியிலும் ஒரு விக்கிப்பீடியா இருக்கிறது. அதில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை, அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் பல வருடங்களாக எழுதிவந்தார் என்பது 2020 ஆகஸ்டில் வெளியே வந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சிறுவயதில் ஆர்வத்தோடு தொடங்கியிருக்கிறார். ஆங்கில வசனத்தில் அங்கங்கே சொல்லை மாற்றிப் போட்டதையே உலகம் ஸ்கொட்ஸ் மொழி என்று நினைத்துக்கொண்டிருந்தது. மொழிக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காததுதான் காரணம். விஷயம் தெரிந்தபிறகு அவர்கள் கூடிவந்து திருத்தத் தொடங்கினார்கள்.

*

இனி நமக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருகிறோம்.

2018 மார்ச் மாதத்தில் திகனையிலும் தெல்தெனியவிலும் குண்டசாலையிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் முகநூல், வாட்ஸ்அப் போன்றவை முடக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குப் பிறகுதான் திறந்தார்கள். கைத்தொலைபேசி வழியாகப் பரவிய வெறுப்புப் பேச்சும் வதந்தியும் அந்த நெருப்புக்கு எண்ணெய் வார்த்தன என்பது பின்னர் பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்தப் பதிவும் முகநூலில்தான் வருகிறது. அதனால் முகநூலைக் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. ஆனால் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே ஒரு பொய்யை ஆயிரம் பேர் பகிர்ந்தால் ஆயிரம் பிரதி. எழுதியவரே மனம் மாறி அழித்தாலும், ஸ்க்ரீன்ஷொட்டாகவும் குரல் பதிவாகவும் கையிலிருந்து கைக்குப் போனது திரும்பி வராது. விக்கியில் ஒரு விஷயத்துக்கு ஒரே பக்கம். அதைத் திருத்தினால் அடுத்து வருகிற வாசகர் திருத்தியதையே முதலில் காண்பார். யார் எதை எழுதினார்கள் என்பதும் பகிரங்கம். இங்கே சூடான வசனம் வெல்கிறது. அங்கே ஆதாரமுள்ள வசனம் நிலைக்கிறது.

அந்த மார்ச் மாதத்தைப் பற்றியும் விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் எழுதப்படும். ஐம்பது வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் வாசிக்கப்போவது அதைத்தான். நாம் அங்கே கோபத்தோடு போய், பிடிக்காத வரியை அழித்தால் பத்து நிமிடத்தில் அது திரும்ப வந்துவிடும். நம் கணக்கும் தடைப்படும். அப்பால் நாம் சொல்வது உண்மையாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மாறாக, பத்திரிகைச் செய்தியின் திகதி, ஆணைக்குழுக்களின் அறிக்கை, பாராளுமன்ற உரைப்பதிவு, நீதிமன்றச் செய்தி என்று ஒவ்வொன்றாக ஆதாரம் வைத்து ஒரு வரி சேர்த்தால் அந்த வரி நிற்கும். பன்சலையிலிருந்து வந்து அயலவரைப் பாதுகாத்த பௌத்த குருமார் இருந்தார்கள், முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்த சிங்களச் சகோதரர்கள் இருந்தார்கள். பத்திரிகைகளில் வந்த அந்தச் செய்திகளும் அதே கட்டுரையில் இருக்க வேண்டும். நமக்குச் சாதகமான உண்மையை மட்டும் எழுதினால் அது நடுநிலை ஆகாது.

1907இல் அப்துல் அஸீஸ் காட்டிய வழி இதுதான். அவருக்கு அச்சகம் தேவைப்பட்டது. நமக்குத் தேவையானது ஒரு தொலைபேசியும் நிறையப் பொறுமையும்.

*

அப்படியானால் நம்மூரில் என்ன செய்யலாம்? புன்னியாமீன் அவர்களின் மூன்று படிகளுக்கே திரும்பலாம்.

முதல் படி, தேடிச் சேர்ப்பது. நம் வீட்டு அலுமாரிகளில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பாடசாலை வெள்ளிவிழா மலர், பள்ளிவாசல் திறப்புவிழா மலர், மீலாத் விழாச் சிறப்பிதழ், பழைய கையெழுத்துச் சஞ்சிகை, நின்றுபோன பத்திரிகையின் கத்தரித்த துண்டு. வீடு உடைத்துக் கட்டும்போதும் வெள்ளை அடிக்கும்போதும் பழைய பேப்பர்காரருக்குப் போவது இவைதான். எண்பது தாண்டிய மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இதைச் செய்ய விக்கி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உம்மாமாரும் ராத்தாமாரும் செய்யலாம்.

இரண்டாம் படி, ஆதாரமாக்குவது. மலர்களையும் சஞ்சிகைகளையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்து எண்ணிமப்படுத்தினால் அவை உலகத்துக்கே ஆதாரமாகிவிடும். மூத்தவர்களின் வாய்மொழியை நேரே விக்கியில் எழுத முடியாது. அதைப் பாடசாலைச் சஞ்சிகையில் கட்டுரையாக வெளியிடலாம், பத்திரிகைக்கு அனுப்பலாம். சொன்னவர் யார், எப்போது சொன்னார், கேட்டவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாம் படி, பொதுவில் எழுதுவது. தொடக்கத்திலேயே பெரிய கட்டுரைக்குப் போக வேண்டாம். இருக்கும் கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துங்கள். ஆதாரம் இல்லாத வரிக்கு ஆதாரம் தேடிப் போடுங்கள். நம்மூர்ப் பழைய பாலத்தை, பள்ளிவாசலை, பாடசாலைக் கட்டடத்தை நீங்களே படம் எடுத்து, யாரும் பாவிக்கலாம் என்ற உரிமத்தோடு விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். ஆட்களின் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஒரு சிறிய கட்டுரை. நம்மைப் பற்றி மட்டும் எழுதாமல், பக்கத்துப் பன்சலை, கோயில், மகாவலி கங்கை, விவசாயப் பாடசாலை என்று எழுதுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் சிங்கள விக்கிப்பீடியாவிலும் எழுதலாம். மடிகே என்ற சொல்லின் வரலாற்றைச் சிங்களத்தில் வாசிக்கும் பக்கத்து வீட்டுச் சகோதரருக்கு, நாம் நேற்று வந்தவர்கள் அல்ல என்பதை யாரும் மேடை போட்டுச் சொல்லத் தேவையில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வகுப்பையே கூட்டிக்கொண்டு போய், நாற்பது பிள்ளைகளையும் ஒரே நாளில் நாற்பது கட்டுரை எழுத வைக்காதீர்கள். பாடநூலைப் பார்த்து எழுதியதும், இரண்டு வரியில் நின்றதும் அங்கே குவியும். வேறு எங்கோ இருக்கிற தன்னார்வலர் ஒருவர் இரவு விழித்து அதைத் துப்புரவு செய்ய வேண்டிவரும். நாலு பிள்ளைகள், ஒரு கட்டுரை, ஒரு தவணை. ஒருவர் தேடட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் ஆதாரம் பார்க்கட்டும், ஒருவர் உரையாடல் பக்கத்தில் வரும் கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் எழுதட்டும். அந்த நாலாவது பிள்ளை கற்பதுதான் வாழ்க்கைக்கு அதிகம் உதவும் என்று நாம் நினைக்கிறோம். தன் வசனத்தை இன்னொருவர் மாற்றும்போது கோபப்படாமல் ஏன் என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு வதந்தி வரும்போதும் பகிரும் முன் ஏன், எங்கிருந்து என்று கேட்கும்.

இதில் பணம் இல்லை. பெயரும் பெரிதாக வராது. ஆனால் ஸதகதுல் ஜாரியா என்று நாம் சொல்வது கிணறு தோண்டுவதை மட்டுமா? பயன் தரும் அறிவை விட்டுச்செல்வதும் அதில் ஒன்றுதானே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 2000ஆம் ஆண்டுக்கு முந்திய மலரோ சஞ்சிகையோ இருந்தால், அதன் பெயரையும் ஆண்டையும் மட்டும் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம், எங்கேயும் அனுப்ப வேண்டாம். எந்த ஊரில் என்ன இருக்கிறது என்ற ஒரு பட்டியல் முதலில் வரட்டும். மடவளை, உடதலவின்ன, திகன, கெங்கல்ல, தெல்தெனிய, அக்குறணை, கல்ஹின்னை என்று எல்லா ஊர் உறவுகளும் எழுதுங்கள். இதில் ஏதும் தகவல் பிழை என்று கண்டால் ஆதாரத்தோடு அதையும் கீழே எழுதுங்கள், பதிவைத் திருத்திவிடலாம்.